மின்கோபுரம் எவர் காணியில்?

இலங்கை மின்சார சபையின் நீண்டகாலத் திட்ட ஆவணம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். எந்த உயரழுத்த மின்மார்க்கம் எந்தப் பக்கத்தால் போகப்போகிறது என்பது அந்தக் கோடுகளில்தான் தெரியும். மின் உற்பத்தித் திட்டம் 20 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டு, அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்க முன்னர் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். ஆனால் நான் வாசித்தவை எல்லாம் ஆங்கிலத்தில். பூநகரியில் வயல் செய்பவர் அதில் எதைக் கண்டு கருத்துச் சொல்வது?

மார்க்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. போரில் அறுந்த தொடர்பு, கிளிநொச்சி–சுன்னாகம் 132 கிலோவோல்ட் மார்க்கம் வந்த பிறகே மீண்டது. அதுவரை எண்ணெயில் ஓடிய இயந்திரங்கள்தான். அதன் விலையைச் சுன்னாகத்துக் கிணறுகள் கொடுத்தன. நிலத்தடி நீர் மாசடைந்த வழக்கில், அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடுந்தீவு இன்னமும் தேசிய வலையமைப்புக்கு வெளியேதான்.

இப்போது திசை மாறுகிறது. 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து என்பது அரசின் இலக்கு. காற்று மன்னாரிலும் பூநகரியிலும் வீசுகிறது. பெருந்தேவை மேல் மாகாணத்தில். இடையில் கிடப்பது வன்னி. மன்னாரின் 100 மெகாவாட் ‘தம்பபவனி’ காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 484 மெகாவாட் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகினாலும் காற்று அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த முதலீட்டாளர் வருவார். அவருக்கும் கம்பி வேண்டும்.

கம்பி போவதற்காகப் பொதுவாக முழுக் காணியையும் அரசு சுவீகரிப்பதில்லை. உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் கம்பிக்குக் கீழே உயர்ந்த தென்னை, பனை நிற்க முடியாது; வீடு கட்டவும் கட்டுப்பாடு. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வகுத்த நடைமுறையில், உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர் இணங்காவிட்டால் விடயம் பிரதேச செயலாளரிடம் போகும். நட்டஈடும் உண்டு.

எங்களுக்கு இடிக்கிற இடம் அந்த ‘உரிமையாளர்’ என்ற சொல். ஒருவர் கனடாவில், ஒருவர் தமிழ்நாட்டு முகாமில், உறுதி முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. அறிவித்தல் வந்தாலும் வாங்க ஆளில்லை. ஆட்சேபனை இல்லாத காணி, கோடு கீறுபவருக்கு இலகுவான காணி.

ஆகவே மார்க்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து, அதைக் கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்தலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவில் பலரிடம் இருப்பது உறுதி அல்ல, அனுமதிப்பத்திரம். அதன் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும்; பெயர் இறந்துபோன தகப்பனுடையதாக இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.