கார் உட்கூரைத் துணி

கார் உட்கூரைத் துணி என்பது மூடிய காரின் கூரைத் தகட்டை உட்புறம் மறைக்கும் விரிப்பு ஆகும். பட்டறைகளில் இது ரூஃப் லைனிங் எனப்படுகிறது. வெயிலின் சூட்டையும் மழையின் ஓசையையும் இது குறைக்கிறது.

வரலாறு

தொடக்ககால மூடிய கார்கள் மரச்சட்டத்தால் ஆனவை. கூரையின் நடுப்பகுதி நீர்புகாத துணியால் மூடப்பட்டது. உட்புறக் கம்பளித் துணி மரத்தில் சிற்றாணிகளால் அறையப்பட்டது. 1935 மாதிரிக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையை அறிமுகப்படுத்தியது. ஆணி அறைய மரம் இல்லாத கூரைகளில் வளைந்த கம்பிகள் துணியைத் தாங்கின. மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஆகியவை இம்முறையைச் சேர்ந்தவை. போருக்குப் பின் வினைல் பரவியது. பிற்காலத்தில் நுரை ஒட்டிய துணியும் வார்ப்பு அட்டையும் வந்தன.

வீட்டில் மாற்றுதல்

கம்பி முறையில் ஒவ்வொரு கம்பியின் வளைவும் நீளமும் வேறுபடும். எனவே கழற்றும்போதே அவற்றுக்கு எண் இடப்படுகிறது. பழைய துணியே புதியதை வெட்டுவதற்கான அளவு. அதை முதலில் எறிந்துவிட்டால் தையல் இடங்களை அறிய வழியில்லை. துணியின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் செல்லும் கார்களில் கண்ணாடிகளையும் கழற்ற வேண்டும். வினைலை வெயிலில் இளக்கி, நடுவிலிருந்து முன்னும் பின்னும் இழுத்து ஒட்டுவர்.

அட்டை முறையில் துணி தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பசை அன்று. வெப்பத்தாலும் ஈரத்தாலும் நுரை பொடிந்துவிடுவதே. அப்பொடியை முழுவதும் தேய்த்து நீக்காமல் ஒட்டினால் புதுத் துணியும் தொங்கும்.

பாதுகாப்பு

பழைய துணியின் நெசவும் தையலும் அக்காலத் தொழில்முறைக்குச் சான்றுகள். ஆகவே மாற்றும் முன் படமெடுத்து, ஒரு துண்டையேனும் பாதுகாப்பது நல்லது.