பாமினியும் பென்குயினும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. கிளிநொச்சியில் வசிக்கும் என் அக்காவின் வீட்டுக் கணனியோ விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய இயந்திரம். புதியது வாங்கலாம் என்றேன். "உது இன்னும் ஓடுதுதானே தம்பி, பிறகேன் புதுசு?" என்று கேட்டார். அன்று மாலையே அதில் லினக்ஸ் மின்ற் ஏறியது.

அக்காவின் கேள்வி வன்னிக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் தடைசெய்யப்பட்டிருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும், பெற்றோல் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் இம்மக்களே. ஒரு பொருளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்பதுதான் 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் சாரம். 1991 ஓகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது இயங்குதள முயற்சியை அறிவித்தபோது, வவுனியாவுக்கு வடக்கே கணனியைச் செருகுவதற்கு மின்சாரமே இருக்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறந்த பின்னரே கணனிகள் கணிசமாக வடக்கே வந்தன. மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவே பயிற்சி வகுப்புகள் நடந்தன. புலம்பெயர்ந்தோரின் உதவியுடன் வன்னிரெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் கிளிநொச்சியில் இயங்கியது. ஆனால் நான் பார்த்த கணனிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது பிரதி எடுக்கப்பட்ட விண்டோஸ். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருந்தும், அந்த இறுவட்டு ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்குக் கிடைத்தது. எனவே, 'லினக்ஸ் இலவசம்' என்ற வாதம் எங்கள் ஊரில் எடுபடவில்லை. திருட்டுப் பிரதியும் ஏறக்குறைய இலவசந்தானே!

2006இல் எனக்கு உபுண்டு இறுவட்டு ஒன்று தபாலில் வந்தது. உலகின் எந்த மூலையில் இருந்து கேட்டாலும் 2011 வரை அவர்கள் இலவசமாக அனுப்பிவந்தார்கள். ஆவலுடன் நிறுவினேன். ஒரு வாரத்தில் விண்டோஸுக்கே திரும்பினேன். காரணம் இயங்குதளம் அன்று, பாமினி.

ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அச்சாகின. இந்த எழுத்துரு உண்மையில் தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்துவிட்டு, அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் 'தமிழ்' என்ற சொல்லே பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவையாகத் தெரியும். புதிதாக நிறுவிய உபுண்டுவில் என் நான்கு ஆண்டுக் குறிப்புகள் அப்படித்தான் தெரிந்தன. தேடினால் அகப்படாது, எழுத்துருவை நிறுவினாலும் அது முகமூடியே. நம்மைக் கட்டிப்போட்டது மைக்ரோசொஃப்ற் என்று அன்று எழுதினேன். அது அரை உண்மை. கட்டில் பாதி நாமே போட்டது.

அந்தக் கட்டை அவிழ்த்தவர்களில் ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனை மறக்கலாகாது. அவரது எழுத்துருமாற்றியில் பாமினியை ஒட்டினால் யுனிகோட் தமிழ் கிடைக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், கட்டற்ற மென்பொருளான மீடியாவிக்கியின் மேல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வைத்தது. தமிழகத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் தலைமையில் தன் கணனிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியதும் அதே தசாப்தத்தில்தான். அங்கே ஓர் அதிகாரியின் பிடிவாதம் சாதித்ததை இங்கே கேட்கவும் ஆளில்லை.

இங்கேயும் ஆற்றல் இல்லாமலில்லை. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவைச் சிதைத்த அதே ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கைப் பொறியியலாளர்கள் சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைத் திறமூலமாக எழுதினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது.

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள் கணனியையா சுமப்பார்கள்? அக்கா சுமந்தது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும், என் பழைய குறிப்புகளின் பிரதி இருந்த ஓர் இறுவட்டும். அந்தப் பிளாஸ்டிக் பை எத்தனை பதுங்குகுழிகளைக் கண்டதோ!

அந்த இறுவட்டைத்தான் சென்ற மாதம் லினக்ஸில் திறந்தோம். விசைப்பலகையில் தொல்லை இருக்கவில்லை. ரங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. மருமகன் கோப்புகளை ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றினான். அச்சுப்பொறி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. சில கோப்புகளில் 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் குழம்பிவிட்டன. இரண்டு கோப்புகள் திறக்கவேயில்லை.

மற்றவை திறந்தன. 2003 வைகாசியில் முறிகண்டியில் ஒரு கச்சான்காரி என்னிடம் சொன்ன கதை அதில் இருக்கிறது. அவருடைய பெயரை நான் மறந்தே போயிருந்தேன். தேடற்கட்டத்தில் 'கச்சான்' என்று தட்டியதும் வந்துவிட்டது.