தெருவும் சாவும்: இரு படிப்புகள் சேர்ந்த கதை



நகர்த் திட்டமிடலையும் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்துப் படிக்கும் முதுகலைப் படிப்பு அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் இன்று உண்டு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரு பட்டங்களையும் ஒருசேரப் பெறலாம். இதைப் புதிய படிப்பு என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் இவ்விரு அறிவுகளும் பிறக்கும்போதே ஒன்றாகப் பிறந்தவை. சேர்ந்திருந்த காலத்தில் அவை மக்களைக் காத்தும் இருக்கின்றன, மக்களைப் பிரித்தும் வைத்திருக்கின்றன. எனவே ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவை யாருக்காகச் சேர்கின்றன?

1842இல் எட்வின் சாட்விக் பிரிட்டனின் உழைக்கும் மக்களுடைய சுகாதார நிலை பற்றி அறிக்கை வெளியிட்டார். சாக்கடையும் நல்ல தண்ணீரும் இல்லாத குடியிருப்புகளையும் அங்கே விழும் சாவுகளையும் அது இணைத்துக் காட்டியது. 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே அந்தக் குறிகள் குவிந்திருந்தன. நோயைத் தேடியவர் தெருவைப் படிக்க வேண்டியிருந்தது.

இந்த முறையை ஒடுக்கப்பட்டோரின் கையில் கொண்டு சேர்த்தவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். பிலடெல்பியாவின் ஏழாம் வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராய, 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அமர்த்தியது. வகுப்பெடுக்கும் வாய்ப்பை மட்டும் தரவில்லை. அவர் அந்த வார்டிலேயே குடியிருந்து வீடு வீடாகப் போனார். 1899இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, 2,441 குடும்பங்களில் குளியலறையும் கழிப்பறையும் வாய்த்தவை வெறும் 334. கறுப்பினத்தவர் அதிகம் சாவதற்கு அவர்களுடைய இன இயல்பே காரணம் என்று பிரெடெரிக் ஹாப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் 1896இல் எழுதியிருந்தார். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டுபாய்ஸ் 1906இல் தொகுத்த ஆய்வு அதை மறுத்தது. சாவின் காரணத்தை அவர் இரத்தத்தில் தேடவில்லை. வீட்டிலும் கூலியிலும் தண்ணீரிலும் தேடினார்.

அதே காலத்தில் இவ்விரு அறிவுகளும் வேறு விதமாகவும் சேர்ந்தன. 1910இல் பால்டிமோர் நகரம் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது, கறுப்பினத்தவர் தெருவில் வெள்ளையர் குடியேறக் கூடாது என்றது அது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று தொற்றுநோய்த் தடுப்பு. லூயிவில் நகர வழக்கில் 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. இடையில் 1916இல், அதே பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிப் பள்ளி நிறுவியது. 1929இல் ஹார்வர்டு நகர்த் திட்டமிடலுக்குத் தனிப் பள்ளி கண்டது. சுகாதாரம் கிருமியையும் ஆய்வகத்தையும் நோக்கிப் போயிற்று. திட்டமிடல் மனைப் பகுப்பையும் சாலையையும் நோக்கிப் போயிற்று.

துறைகள் பிரிந்த பிறகும் கோடுகள் அழியவில்லை. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு நிறம் விழுந்தது. 108 நகரங்களை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அன்று சிவப்படிக்கப்பட்ட பகுதிகளில் இன்றைய கோடை வெப்பம் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம் என்று கண்டது. மரமில்லாத தெருவின் வெயிலும் அந்தப் பழைய கோட்டின் மிச்சம்தான்.

ஊரையும் சேரியையும் அறிந்த நமக்கு இந்தக் கோடு புதிதன்று. 1927இல் மகாடின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தம் மக்களோடு தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் அக்குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எந்த ஆய்வகம் சோதித்தாலும் அந்தத் தீட்டு தண்ணீரில் தெரியாது. அது தெருக்களின் அமைப்பில் இருக்கிறது. அதே அம்பேத்கர் 1946இல் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார்; ஐ.நா. அவைக்குக் கறுப்பின அமைப்பு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். டுபாய்சும் பதில் எழுதினார்.

கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடைச் சாவுக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் பாதாளச் சாக்கடையை வரைபவர் ஒரு துறை, அதில் இறந்தவரைப் பதிவு செய்பவர் வேறொரு துறை. மனிதன் இறங்கத் தேவையில்லாத சாக்கடையை யார் வரைவது? இரண்டையும் சேர்த்துப் படித்த ஒருவர், அந்தத் தெருவையும் அறிந்த ஒருவர், அந்த மேசையில் உட்கார வேண்டும்.

எனவே மாணவ நண்பர்களே, இந்தப் படிப்பு கிடைத்தால் படியுங்கள். பால்டிமோரின் வழியும் டுபாய்சின் வழியும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். கிடைக்காவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் வார்டு வரைபடத்தையும் தெருவாரியான சாவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குழாய் எங்கே நிற்கிறது, சாக்கடை எங்கே முடிகிறது, சுடுகாட்டுப் பாதை யாருக்கு இல்லை என்று குறியுங்கள். அந்த வேலையை நாம் இந்த ஆண்டே தொடங்கலாம்.