மிக்கி எலியும் மீசைத் தகராறும்

விடுமுறைக்குப் பாரீசிலிருந்து வந்திருந்த என் தங்கையின் பேத்தி, இரண்டு பெரிய காதுகள் வைத்த ஒரு தொப்பியை என் தலையில் மாட்டிவிட்டு, "தாத்தா, த்ரே ஷிக்!" என்று கைதட்டினாள். டிஸ்னிலாந்தில் வாங்கியதாம். அவளுக்கு அது பொம்மை ஊர். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டால் 1992-ஆம் ஆண்டின் மீசைத் தகராறுதான் முதலில் ஞாபகம் வரும்.

என் மைத்துனர் பழைய சொல்தா. அந்த நாளில் அவர் எழுதும் கடிதங்களோடு பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டுகளையும் மடித்து வைத்து அனுப்புவார். அரசாங்க குமாஸ்தாவான எனக்கு அவை பெரிய தீனி. ஓர் அலுவலகம் எப்படி நடக்கிறது, மேலே இருப்பவர் சொல்வது கீழே எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதானே என் வாழ்நாள் பிழைப்பு!

பாரீசுக்குக் கிழக்கே மார்ன்-லா-வல்லே என்ற இடத்தில், 1992 ஏப்ரல் 12-ஆம் தேதி 'யூரோ டிஸ்னி' திறக்கப்பட்டது. சுமார் 12,000 ஊழியர்கள். ஆனால் அங்கே ஊழியர் என்று யாரும் கிடையாது. எல்லாரும் 'நடிகர் குழு'. வேலை செய்யும் இடம் மேடை; சுவருக்குப் பின்னால் இருப்பது மேடைக்குப் பின்புறம். போட்டிருப்பது சீருடை அல்ல, வேஷம். 1955-இல் கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலாந்து திறந்தபோதே ஊழியருக்கென்று தனிப் பயிற்சிப் பள்ளி வைத்து இந்தப் பாடத்தை நடத்தினார்கள். குப்பை கூட்டுபவரும் வருகிறவரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். அமெரிக்காவில் இது பிரமாதமாக நடந்தது.

பிரான்சில் கதை வேறாயிற்று. தோற்றத்துக்கென்று ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். ஆண்களுக்குத் தாடி கூடாது, மீசை கூடாது. முடியின் நீளம், பெண்களின் நகம், முகப்பூச்சு, காதணி, எல்லாவற்றுக்கும் அளவு. வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய வால்ட் டிஸ்னியே மீசைக்காரர்!

தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பிரெஞ்சுக்காரன் மீசைப் பிரியன் என்பது மட்டும் காரணமல்ல. 1982-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, செய்யும் வேலைக்கு அவசியமாக இருந்தால் ஒழிய, ஊழியரின் தனி உரிமையை நிறுவனத்தின் உள்விதி கட்டுப்படுத்தக் கூடாது. அமெரிக்கருக்கு அது நாடகத்தின் ஒப்பனை. பிரெஞ்சுக்காரருக்கு அது தன் உடம்பின் மேல் முதலாளி வைக்கும் கை. இரு தரப்பும் ஒரே புத்தகத்தைப் படித்து இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள்.

பெயர் அட்டையிலும் அப்படியே. மேலாளர் முதல் பரிமாறுபவர் வரை எல்லாருக்கும் முதல் பெயர் மட்டுமே. 'வூ' என்று மரியாதையாகவும் 'த்யு' என்று உரிமையாகவும் பிரித்துப் பேசும் மொழியில், மேலதிகாரியை வெறும் பெயர் சொல்லி அழைப்பது எப்படி இருக்கும் என்று நம் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களைக் கேளுங்கள். முசியே போடாமல் வாத்தியாரைக் கூப்பிட்டிருந்தால் நமக்குக் காது மிஞ்சியிருக்காது.

வந்தவர்களைப் பற்றிய கணக்கும் தப்பிற்று. ஐரோப்பியர் காலையில் பெரிதாகச் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, ஓட்டல்களில் உணவுக்கூடங்களைச் சிறிதாகக் கட்டிவிட்டார்கள். 350 பேர் உட்காரும் இடத்தில் 2,500 பேருக்குக் காலை உணவு கொடுக்க வேண்டியதாயிற்று. மதியமோ, பன்னிரண்டரை அடித்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மேசை வேண்டும். அந்த மேசையில் ஒயின் கிடையாது! குடும்பங்கள் வரும் இடத்தில் மது கூடாது என்பது கம்பெனியின் விதி. 1993 கோடையில்தான் அதைத் தளர்த்தினார்கள்.

அந்தக் கணக்காண்டின் நஷ்டம் சுமார் 530 கோடி பிராங்க். கடன், அதிக ஓட்டல் அறைகள், ஐரோப்பாவின் மந்தமான பொருளாதாரம் எல்லாம் அதில் உண்டு. மீசைமேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் திருத்தம் எங்கே தொடங்கியது பாருங்கள். 1993-இல் பிலிப் பூர்கிஞோன் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமைக்கு வந்தார். 1994-இல் கடனைச் சீரமைத்தார்கள். பெயரும் 'டிஸ்னிலாந்து பாரீஸ்' ஆயிற்று. 1995-இல் நுழைவுக் கட்டணம் 250 பிராங்கிலிருந்து 195 ஆகக் குறைந்தது. நம் பள்ளி நாளின் ழூல் வெர்னை வைத்து ஒரு விண்வெளிச் சவாரியும் வந்தது. அந்த ஆண்டுதான் முதல் லாபம்.

இதையெல்லாம் படித்து நான் சிரித்திருக்கிறேன். 'கீழே ஒருத்தனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானே! பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின் வேண்டும் என்பதற்கு ஆராய்ச்சியா வேண்டும்?' என்று மைத்துனருக்கு எழுதினேன். எழுதி முடித்து உறையை ஒட்டும்போதுதான் சிரிப்பு நின்றது. ஒரு கிழவியின் முகம் ஞாபகம் வந்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியக்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு ஒட்டினோம். உயிரோடு இருப்பதற்கான சான்றை இன்ன தேதிக்குள் புதிய படிவத்தில் தர வேண்டும் என்று. வரைவு எழுதியவன் நான். ஆங்கிலத்தில் எழுதினேன், கோப்பு ஆங்கிலத்தில் இருந்தது, அதனால். பலகையில் ஒட்டியதும் என் கடமை முடிந்தது என்று பேனாவை மூடினேன்.

பிரெஞ்சுக் காலத்துச் சேவகர் ஒருவரின் விதவை. தமிழும் கொஞ்சம் பிரெஞ்சும் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. அந்தப் பலகை முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மூன்று மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. காரணம் கேட்டு என் மேசைக்கு வந்தபோது, நான் பலகையைக் காட்டி, "அறிவிப்பு போட்டோமே அம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "செர்த்திபிகா தெ வீ-ன்னு ஒரு வரி எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே தம்பி. பிரெஞ்சு படிச்ச பிள்ளை நீ, உனக்குமா தோணல?" என்றார்.

பணம் பிறகு கிடைத்தது. ஆனால் அந்த மூன்று மாதம் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. அதன்பின் ஓய்வு பெறும்வரை, பலகையில் எதை ஒட்டினாலும் தமிழில் ஒரு பிரதியும், முடிந்தால் பிரெஞ்சில் இரண்டு வரியும் சேர்ப்பேன். ஒட்டுவதற்கு முன் வாசலில் காத்திருக்கும் யாராவது ஒருவரிடம் படித்துக் காட்டி, "என்ன புரிந்தது?" என்று கேட்பேன். சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். காது வைத்த தொப்பியை எனக்கே விட்டுப் போயிருக்கிறாள். குமாஸ்தாவுக்குப் பொருத்தமானதுதான், பெரிய காது.