பந்தயத்தில் நேரம்: கரிசல் சாலை முதல் ஓட்டச் சிப் வரை

பாஞ்சாலங்குறிச்சியும் அதைச் சுற்றியுள்ள ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களும் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம் விளையும் கரிசல் நிலங்கள். கம்பும் சோளமும் உளுந்தும் களம் கண்டு வீடு சேர்ந்த பின், ஆட்களுக்கும் காளைகளுக்கும் ஓய்வு கிடைக்கும் கோடை மாதங்களில்தான் இங்கே கோயில் கொடைகளும் அவற்றை ஒட்டிய மாட்டுவண்டிப் பந்தயங்களும் பெரும்பாலும் நடைபெறுகின்றன. சித்திரை இறுதியில் வரும் வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் தொடர் ஜோதி ஏந்தி ஓடியே பாஞ்சாலங்குறிச்சி வந்து சேர்கின்றனர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிவரும் அந்தச் சுடர் அணையாமல் சேர்ந்ததா என்பதே அங்கு கணக்கு; எத்தனை மணி நேரத்தில் சேர்ந்தது என்று எவரும் குறித்துவைப்பதில்லை.

இந்த மண்ணின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற விரைவுப் பயணமும் கடிகாரத்தால் அளக்கப்படாததே. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவருடைய கூட்டத்தாரும் ஏறத்தாழ 30 மைல் தொலைவை இரவோடு இரவாகக் கடந்து பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தனர். ஒரு வாரத்துக்குள் அங்கு வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை, 1799-இல் இடித்துத் தள்ளப்பட்ட கோட்டை மறுபடியும் எழுந்து நிற்பதைக் கண்டது. அக்காலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பு நூலில் இந்நிகழ்ச்சிகளை விரிவாகப் பதிவுசெய்துள்ளார் என்றாலும், அத்தகைய பதிவுகளில் கிடைப்பவை நாளும் பொழுதுமே அன்றி நிமிடங்கள் அல்ல. வேகத்தின் பயன் எதிரிக்கு முன் போய்ச் சேர்வதாக இருந்தவரை, முந்தியது யார் என்பதே போதுமானதாக இருந்தது.

தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயம் இன்றும் இந்த அடிப்படையிலேயே நடக்கிறது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனக் காளைகளின் அளவை ஒட்டிப் பிரிக்கப்படும் வண்டிகள், கொடி அசைந்ததும் ஒன்றாகச் சாலையில் பாய்கின்றன. தொலைவு ‘போக வர’ இத்தனை மைல் என்று அறிவிக்கப்படுகிறது; அதாவது, வண்டி குறித்த எல்லைவரை சென்று, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். வண்டியை ஓட்டுபவர் சாரதி. அவருக்குத் துணையாகக் காளைகளுக்குப் பக்கத்தில் இறங்கி ஓடுபவர் துணைச் சாரதி. திரும்பும் எல்லையில் கொடி வாங்கும் வழக்கம் உண்டு; அங்கு முதலில் கொடி வாங்கும் வண்டிக்குத் தனிப் பரிசும் வழங்கப்படுவதுண்டு. இந்தக் கொடி வெறும் அலங்காரம் அன்று. பல மைல் நீளும் பாதையில், பார்வையாளர் கண்ணுக்கு எட்டாத தொலைவில், வண்டி உண்மையில் எல்லையைத் தொட்டுத்தான் திரும்பியது என்பதற்கு அதுவே சான்று.

கொங்கு நாட்டு ரேக்ளா வண்டிப் பந்தயம் இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதி ஓடுவதில்லை. காளைகளின் வயதை ஒட்டி 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் பாதையில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே ஓட, ஒவ்வொன்றுக்கும் ஆன நொடிகளை ஒப்பிட்டுப் பரிசு முடிவாகிறது. ஆக, தமிழ்நாட்டுக்குள்ளேயே பந்தயத்தை முடிவுசெய்ய இரு முறைகள் அருகருகே வாழ்ந்துவருகின்றன: ஒன்றாகப் புறப்பட்டு முந்துவோருக்குப் பரிசளிப்பது கரிசல் முறை, தனியாக ஓடவிட்டு நேரத்தை அளப்பது கொங்கு முறை. இன்றைய மாரத்தான் ஓட்டத்தில் ஒரே ஓட்டக்காரருக்கு இரண்டு நேரங்கள் தரப்படுவதன் பொருள், இந்த இரு முறைகளையும் அறிந்தவருக்கு எளிதில் விளங்கும்.

நேரத்தைக் கொண்டு பந்தயத்தை அளக்கும் கருவிகளும் விலங்குப் பந்தயத்திலிருந்தே தொடங்கின. 1821-இல் பாரிஸில் நடந்த குதிரைப் பந்தயத்தில், சுழலும் முகப்பின்மேல் மைப்புள்ளி வைத்து நேரத்தைக் குறிக்கும் கருவியை நிக்கோலா ரியூசெக் பயன்படுத்தினார். மனிதர் ஓட்டத்தில் விரலால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரம் நெடுங்காலம் கோலோச்சியது. பின்னர் எல்லைக்கோட்டை நோக்கிய ஒளிப்படக் கருவி அதன் இடத்தைப் பிடித்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 நொடியிலும் அவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனை 55.41 நொடியிலும் முடித்தனர் என்ற முடிவை வெறுங்கண்ணோ விரலோ தந்திருக்க முடியாது. ஆனால் அளவு என்ற பெயரில் வரும் எல்லாம் அளவு அல்ல. 2020-இல் கர்நாடகத்தின் கம்பளா எருமைப் பந்தயத்தில் ஸ்ரீனிவாச கௌடா 142.5 மீட்டரை 13.62 நொடியில் கடந்ததை 100 மீட்டருக்கு விகிதக் கணக்காகச் சுருக்கி, உசைன் போல்ட்டை விஞ்சியதாகச் செய்திகள் வந்தன. சேற்று வயலில் எருமைகளோடு ஓடிய அந்த ஓட்டத்தின் பெருமைக்கு அந்த ஒப்பீடு தேவையே இல்லை.

சாலை ஓட்டங்களில் சிக்கல் வேறு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் பிரெட் லோர்ஸ் ஏறத்தாழப் பாதி வழியை மோட்டார் வண்டியில் கடந்து முதலில் வந்தார். 1980 பாஸ்டன் மாரத்தானில் ரோஸி ரூயிஸ் முழுப் பாதையும் ஓடாமலே முதலிடம் பெற்றார், பின்னரே பட்டம் உரியவரான ஜாக்லின் கரோவுக்குச் சென்றது. எல்லையில் கொடி வாங்க வைத்த கரிசல்காரர்களின் முன்யோசனை எவ்வளவு நியாயமானது என்பதற்கு இவை போதும். கூட்டம் பெருகியபோது இன்னொரு குறையும் சேர்ந்தது: ஆயிரக்கணக்கானோர் கூடி நிற்கும்போது, பின்வரிசையில் இருப்பவர் தொடக்கத் துப்பாக்கி வெடித்துப் பல நிமிடங்கள் கழித்தே தொடக்கக் கோட்டை மிதிக்கிறார், அந்த நிமிடங்களும் அவர் கணக்கிலேயே ஏறின. 1990களின் நடுவில் நெதர்லாந்தில் உருவான ‘சாம்பியன்சிப்’ இவ்விரு குறைகளுக்கும் விடையாக வந்தது. காலணிக் கயிற்றில் கட்டி, ஓட்டம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய சிறு வில்லை அது. 35,000-க்கும் மேற்பட்டோர் ஓடி முடித்த 1996-ஆம் ஆண்டின் நூறாவது பாஸ்டன் மாரத்தானில் அது பயன்பட்ட பின், பெரிய ஓட்டங்கள் எங்கும் பரவியது.

முதன்முறை ஓடுபவர் பலரும் சிப்புக்குள் கடிகாரம் இருப்பதாகவோ, அது வழிநெடுகத் தம்மைப் பின்தொடர்வதாகவோ எண்ணுகின்றனர். அவ்வாறு இல்லை. இப்போது பெரும்பாலும் மார்பில் குத்தும் எண் அட்டையான ‘பிப்’பின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பட்டையில் மின்கலமும் இல்லை, கடிகாரமும் இல்லை; ஓர் அடையாள எண் மட்டுமே பதிந்துள்ளது. சாலையில் விரித்த பாயிலோ பக்கத்துக் கம்பத்திலோ உள்ள அலைவாங்கி வானொலி அலைகளை அனுப்ப, அந்த ஆற்றலைக் கொண்டே பட்டை தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. நேரத்தைக் குறிப்பது அருகிலுள்ள பெட்டியின் கடிகாரம். இந்தியாவில் இதற்கு 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை பயன்படுகிறது. இந்த அலைகளை நீர் உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் திசைதிருப்பும். நீர் நிறைந்த மனித உடலே அவற்றுக்குத் தடை என்பதால், பிப்பை மடிக்காமல், கசக்காமல், மார்பின் முன்புறம் நான்கு ஊக்குகளால் குத்திக்கொள்ள வேண்டும். அதன்மேல் தண்ணீர்ப் பையோ கைப்பேசியோ மேற்சட்டையோ வரக் கூடாது. முதுகிலோ தொடையிலோ குத்தியவரின் எண் பதியாமல் போகலாம். பிறர் பெயரில் உள்ள பிப்பை அணிந்து ஓடுவது இன்னும் பெரிய தவறு. நேரம் மட்டுமின்றி, அவசர காலத்தில் மருத்துவக் குழு பார்க்கும் விவரமும் வேறொருவருடையதாகிவிடும். திருப்பத்தில் விரித்திருக்கும் பாயை ஒதுங்கித் தாண்டாமல் மிதித்துச் செல்ல வேண்டும், ஏனெனில் எல்லைக் கொடியின் வேலையை இப்போது செய்வது அதுவே.

முடிவுப் பட்டியலில் காணும் இரு நேரங்களில், துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிடுவது துப்பாக்கி நேரம். தொடக்கப் பாயை மிதித்ததிலிருந்து கணக்கிடுவது சிப் நேரம். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி வெற்றி வரிசையும் சாதனையும் துப்பாக்கி நேரத்தாலேயே முடிவாகின்றன. எல்லையைக் கடந்ததாகக் கொள்ளப்படுவதும் ஓட்டக்காரரின் நடுவுடல் கோட்டை எட்டும் கணமே அன்றி, சிப் பதிவாகும் கணம் அன்று. எனவே பரிசை நோக்கி ஓடுபவர் முன்வரிசையில் நிற்பதே முறை. பரிசை எண்ணாமல் முதன்முறை ஓட வருபவர் முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டியதில்லை. தம் வேகத்துக்கு ஏற்ற வரிசையில் நின்று, எல்லாப் பாய்களையும் ஒழுங்காக மிதித்து ஓடி முடித்தால், அவருடைய சிப் நேரமே அவருடைய ஓட்டத்தின் சரியான அளவு.