நீலம் பாரித்த பிரேக் தட்டு

ஏற்காடு போய்த் திரும்பிய மறுநாள் காலை, மாப்பிள்ளை என்னைக் காருக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். முன் சக்கரத்தின் இடுக்கில் தெரிந்த பிரேக் தட்டைக் காட்டி, "மாமா, இது ஏன் இப்படி நீலமாக இருக்கிறது?" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைக்கு விறுவிறுவென்று ஓட்டினால்தான் திருப்தி. "ரேஸ் கார்களுக்குப் போடும் பேடை வாங்கிப் போட்டுவிடவா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி.

நிறத்தின் ரகசியம் நம் ஊர்க் கொல்லர்களுக்குத் தெரிந்ததுதான். உளிக்குப் பதம் ஏற்றும்போது அவர்கள் பார்ப்பது இந்த நிறத்தைத்தான். எஃகு சூடேறும்போது மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 280இல் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். பிரேக் தட்டு வார்ப்பிரும்பு என்றாலும் சங்கதி ஏறக்குறைய இதேதான். எவ்வளவு சூடு பட்டது என்று தட்டே எழுதி வைத்துவிடுகிறது.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? பிரேக் செய்கிற வேலை ஒன்றுதான், ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அந்தச் சக்தி சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சினைப் பங்கு கேட்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால், பெரும்பகுதி அந்தத் தட்டுகளின் தலையில்தான் விழும்.

இந்த வெப்பத்தோடு மல்லுக்கட்டிய கதை இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் தொடங்குகிறது. அங்கே குதிரை வண்டிக்காரர்கள் சரிவில் இறங்கும்போது மரக்கட்டை பிரேக் வழுக்காமல் இருக்க, பழைய பூட்ஸ் தோலை அதில் ஆணியடித்து வைப்பார்களாம். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதைக் கவனித்து, 1897இல் பிரேக்குக்கென்றே உராய்வுப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்துப் பிறந்த பெயர்தான் 'ஃபெரோடோ'.

தட்டு பிரேக்கும் நாம் நினைப்பதுபோல் புதிதல்ல. பர்மிங்காம் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவர் பேடாக வைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த கிறீச்சொலியைத் தாங்க முடியவில்லை. யோசனை சரிதான், பேடுதான் சரியாக அமையவில்லை.

அதன்பின் அரை நூற்றாண்டு டிரம் பிரேக்கின் ராஜ்யம். டிரம்முக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. சூடானால் அது விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகும். பெடல் தரையை நோக்கி இறங்கும். தட்டோ இரு பக்கமும் காற்றுக்குத் திறந்தே சுழல்கிறது. 1953ஆம் ஆண்டு பிரான்ஸில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்த வித்தியாசம் உலகத்துக்கே தெரிந்தது. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் பறந்து வந்து, அதன் முடிவில் கூர்மையாகத் திரும்ப வேண்டும். டன்லப் தட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் காரில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் சுற்றுக்குச் சுற்று மற்றவர்களைவிடத் தாமதமாகவே பிரேக் பிடித்து, மணிக்குச் சராசரி 170 கிலோமீட்டர் வேகத்தில் வென்றார்கள். இரண்டே ஆண்டில் சிட்ரோயன் டிஎஸ் என்ற குடும்பக் காருக்கும் முன் சக்கரங்களில் தட்டு வந்துவிட்டது.

வெற்றிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஃப்ரூட் முதலில் பயன்படுத்திய பருத்தி லைனிங் சூட்டில் கருகியதால், 1908இல் ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். அது சூட்டுக்கு அசரவில்லை. ஆனால் அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் டிரம்மைக் கழற்றி, காற்றுக் குழாயை வைத்துப் 'புஸ்'ஸென்று தூசியை ஊதும் பையன்களை எத்தனை முறை பார்த்திருப்போம்! மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இருக்காது. பக்கத்திலேயே நின்று நாமும் டீ குடித்திருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் ஆஸ்பெஸ்டாஸை முற்றாகத் தடை செய்தது.

இனி மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். எல்லா வெப்பத்துக்கும் பொருந்தும் பேட் இன்றுவரை பிறக்கவில்லை. பந்தய பேட் பல நூறு டிகிரி சூடான பிறகுதான் நன்றாகக் கடிக்கும். காலையில் காரை எடுத்துத் தெருமுனை திரும்பும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், அந்த முதல் மிதியில் அது குளிர்ந்துதான் இருக்கும். அது நமக்கு வேண்டாம்.

பல பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து குறைந்த சூட்டிலும், இரண்டாவது அதிகச் சூட்டிலும் உள்ள பிடிமானத்தைக் குறிக்கும். 'இ'யைவிட 'எஃப்', 'எஃப்'பைவிட 'ஜி' கூடுதல் பிடிப்பு. 'எஃப்-இ' என்றிருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் என்று பொருள். மலைக்குப் போகிறவர்கள் 'எஃப்-எஃப்' அல்லது 'ஜி-ஜி' பார்த்து, அந்தக் காருக்கென்றே செய்த நல்ல பேடாக வாங்கினால் போதும்.

பேடோடு பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல் கொதிக்கும் டாட் 4 ஆயில், ஈரம் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். பெடல் பஞ்சுபோல் அமுங்குவது அப்போதுதான். தட்டு சீராக நீலம் பாரித்திருந்தால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. திட்டுத்திட்டாக நீலமோ, விரிசலோ, மிதிக்கும்போது நடுக்கமோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். சூடான தட்டில் தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எந்த பேட் நல்லது மாமா?" என்றார். பழைய லாரி டிரைவர்கள் சொல்வதைத்தான் சொன்னேன்: "ஏறின கியரிலேயே இறங்குங்க மாப்பிள்ளை. அப்புறம் எந்த பேடும் நல்ல பேடுதான்."