கட்சி விதியும் தேயிலை மலையும்

ஓர் அரசியற் கட்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் தலைவர்களையும் தேர்தல்களையும் பேசுவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுவர். அக்கட்சியின் அமைப்புவிதிகளைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அது வழக்கறிஞர்க்குரிய வறண்ட ஏடு என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும், உறுப்பினர் யாவர், முடிவெடுப்போர் யாவர், எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அவ்வேட்டிலேயே உளது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இடதுசாரிக் கட்சிகள் கால்கொண்ட வரலாற்றை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவாம்.

பொதுவுடைமைக் கட்சிகளின் அமைப்புக் கோட்பாடு சனநாயக மத்தியத்துவம் எனப்படும். 1903ஆம் ஆண்டு பிரசெல்சில் தொடங்கி இலண்டனில் நிறைவுற்ற உருசியச் சமூக சனநாயகக் கட்சியின் இரண்டாம் மாநாட்டிலேயே இதன் முதற்பூசல் எழுந்தது. கட்சித் திட்டத்தை ஏற்றுப் பொருளுதவி புரிவதோடு, கட்சியின் ஓர் அமைப்பினுள் தானே நின்று பணிசெய்பவனே உறுப்பினன் என்றார் லெனின். ஓர் அமைப்பின் வழிகாட்டலில் ஒழுங்காக உதவுபவனும் உறுப்பினனே என்றார் மார்த்தோவ். அன்றைய வாக்கெடுப்பில் 28க்கு 22 என வென்றது மார்த்தோவின் வாசகமே. இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். 1906இல் ஸ்டொக்கோம் மாநாட்டில் சனநாயக மத்தியத்துவம் கட்சி விதியாயிற்று. கீழமைப்பு மேலமைப்பைத் தேர்ந்தெடுக்கும். முடிவுக்கு முன்னர் விவாதம் தடையின்றி நிகழும். முடிவுக்குப் பின்னர் சிறுபான்மை பெரும்பான்மைக்கும் கீழமைப்பு மேலமைப்புக்கும் கட்டுப்படும் என்பதே அதன் சாரம். 1920இல் மூன்றாம் அகிலம் விதித்த 21 நிபந்தனைகளுள் இதுவும் ஒன்று. 1921 மார்ச்சில் கட்சிக்குள் தனிக்குழு அமைத்தலும் உருசியாவில் தடைசெய்யப்பட்டது. அத்தடையின் பின்னர் மத்தியத்துவம் வளர்ந்த அளவுக்குச் சனநாயகம் வளரவில்லை என்பதே என் கருத்து.

இலங்கைச் சமசமாசக் கட்சி 1935 டிசெம்பர் 18ஆம் நாள் தோன்றியபொழுது இத்தகைய இறுக்கம் அதனிடம் இருந்ததில்லை. விடுதலையும் சமவுடைமையும் வேண்டுவோர் பலர்க்கும் அதன் வாயில் திறந்தே கிடந்தது. மலைநாட்டிலோ அதற்கு முன்னரே விதை விழுந்திருந்தது. கோ. நடேசையர் 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டம், எழுவர் சேர்ந்து விண்ணப்பித்தால் சங்கமொன்றைப் பதியலாம் என வழிவகுத்தது. கட்சியினர் தோட்டத்தினுள் நுழைந்தது இச்சங்க வாயிலாகவே.

1939 டிசெம்பரில் சமசமாசக் கட்சியின் செயற்குழு, மூன்றாம் அகிலத்தின்மீது நம்பிக்கையில்லை என 29 வாக்குக்கு 5 வாக்காகத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மொஸ்கோ சார்பினர் கட்சியினின்று விலக்கப்பட்டனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன் முதலான அவர்களே 1940இல் ஐக்கிய சோசலிசக் கட்சியையும், 1943 யூலை 3இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியையும் நிறுவினர். இத்தீர்மானத்துக்குச் சில வாரங்களின் பின், 1940 சனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானான். விசாரணைக் குழுவின்முன் அவனுடைய மனைவியின் பொருட்டுத் தோன்றி வாதிட்டவர் கொல்வின் ஆர். டி சில்வா. மொஸ்கோவைப் பற்றிய வாக்கெடுப்பும் முல்லோயாவின் குண்டும் ஒரே கட்சியின் வாழ்வில் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன.

அவ்வாண்டு மே மாதத்தில் ஊவாவின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே தோட்ட அலுவல்களை நடத்தத் துரையும் இணங்க நேர்ந்தது. அங்கு அனுப்பப்பட்ட பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். அடக்குமுறை விரைவில் வந்து அக்குழுவைக் கலைத்ததாயினும், கீழமைப்பு எனும் சொல்லுக்கு நம் மலைகள் கண்ட சிறந்த உதாரணம் அதுவே.

1940 யூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் முதலிய தலைவர் சிறைப்பட்டபின், கட்சி தலைமறைவாக இயங்க வேண்டியதாயிற்று. 1941 ஏப்பிரிலில் கண்டியில் இரகசியமாகக் கூடிய மாநாடு புதிய திட்டத்தையும் புதிய அமைப்புவிதியையும் ஏற்றது. திறந்த வாயில் அடைபட்டது. பணிபுரிவோரே உறுப்பினர் என்றாயிற்று. தலைமறைவுக் காலத்தில் வேறு வழியுமில்லை.

ஆனால் இவ்விறுகிய விதி தோட்டத்தில் எவ்வாறு பொருந்தும்? கட்சிக் கிளையின் உறுப்பினன் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வரவேண்டும். சந்தாவைத் தன் கையாற் செலுத்தவேண்டும். மாணவர்க்கு இதனை விளக்கும்பொழுது லயத்தின் சுவரையே நான் உதாரணமாகக் காட்டுவதுண்டு. பத்தடி அறையில், அடுத்த காம்பராவின் இருமல்கூடக் கேட்கும் இடத்தில், கங்காணியின் காதுக்கு எட்டாமல் எக்கூட்டம் நடைபெறும்? வெளியார் உட்புகின் அத்துமீறிய குற்றம் சாரும். எனவே தொழிலாளரிற் பெரும்பாலோர் சங்க உறுப்பினராயினரேயன்றிக் கட்சி உறுப்பினராகவில்லை. லெனினும் மார்த்தோவும் வழக்காடிய எல்லைக்கோட்டின் வெளிப்புறத்திலேயே அவர்கள் நின்றனர். தோட்டக் கமிட்டி, அதன் தலைவர், மாதச் சந்தா என்பனவே அவர்கள் அறிந்த அமைப்பு. பிற்காலத்தில் அச்சந்தாவையும் தோட்டக் கந்தோரே சம்பளத்திற் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தது. சங்கங்களுக்கு இது வசதியே. எனினும் தலைவரும் உறுப்பினரும் மாதமொருமுறை முகம்பார்த்துக் கணக்குக் கேட்கும் வாய்ப்பு அத்துடன் நலிந்தது.

இவ்விடத்து நாடறிந்த செய்தியொன்றை நினைவூட்டல் வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் சட்டங்களும் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் இவற்றை எதிர்த்தனர் என்பதை நன்றியுடன் குறித்தல் தகும். அதன்பின் மலையகத் தொழிலாளிக்கு எஞ்சிய வாக்கு யாது? சங்கக் கமிட்டியில் உயர்த்தும் கையும், வெகு சிலர்க்குக் கட்சிக் கிளையில் உயர்த்தும் கையுமே. நாட்டில் வாக்கற்றவனுக்குக் கட்சியின் உள்விதி வெறும் உள்விவகாரமன்று. அவனுடைய அரசியலமைப்பே அதுதான்.

அவ்வாக்கு எவ்வளவு தூரம் எட்டியது என்பதை 1964ஆம் ஆண்டு காட்டிற்று. மொஸ்கோ, பீக்கிங் பிணக்கினால் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுற்றது. 1963இல் விலக்கப்பட்ட நா. சண்முகதாசனும் அவர் சார்பினரும் 1964 சனவரியில் தனி மாநாடு கூட்டினர். கட்சியின் விதிப்படி நிற்போர் தாமே என இரு பிரிவும் உரிமை கோரின. தமிழேடுகளுள் தேசாபிமானி ஒரு பக்கமும் தொழிலாளி மறுபக்கமும் நின்றன. செங்கொடிச் சங்கம் சண்முகதாசன் தலைமையை ஏற்றது. குருசேவுக்கும் மாவோவுக்கும் எழுந்த வழக்கின் தீர்ப்பு, நாட்கூலி பேசவந்த தோட்டக் கமிட்டிவரை இறங்கிற்று. தோட்டக் கமிட்டியின் குரல் அவ்வுயரத்துக்கு ஏறியதாகச் சொல்வதற்கில்லை.

சமசமாசக் கட்சியின் 1964 யூன் மாநாட்டில் வாக்குக்கு விடப்பட்டது, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கத்திற் சேர்வதா என்பது. சேர்தலை வேண்டிய என். எம். பெரேராவின் தீர்மானம் 507 வாக்குகள் பெற்றது. முற்றாக மறுத்தோர் 159, இடைநின்றோர் 75. மறுத்தவர்களுட் பலர், எட்மண்ட் சமரக்கொடி முதலானோர், சிறுபான்மைக்குரிய விதிப்படி அடங்கியிராமல் வெளியேறித் தனிக்கட்சி கண்டனர். பெரேரா நிதியமைச்சரானார். ஒக்டோபர் 30இல் அவ்வரசாங்கத்தின் பிரதமரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும், எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என்பது அதன் ஏற்பாடு. பின்னைய ஆண்டுகளில் தலைமன்னார்த் துறையிற் கப்பலேறியோருள், தோட்டக் கமிட்டிகளிற் பல்லாண்டு கையுயர்த்தி வாக்களித்தோரும் அவ்வாக்கினால் தலைவரானோரும் இருந்தனர்.